தபால் கந்தோர் மேசையை அறுக்க விடேல்லை!

ராசுக்குஞ்சு!

இண்டைக்கு நான் தபால் கந்தோருக்குப் போனன்!

(ஓமடா, கொம்மாதான். உன்ரை முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிஞ்ச பிறகும் வேலிப் படலை தாண்டாமல் கிடந்தவள்தான்!)

என்னோடை மூண்டாம் வகுப்பு வரைக்கும் படிச்ச பிள்ளையளே, இது உங்களுக்கும்தான். மகனுக்கு எழுதிறாளோ எங்களுக்கு எழுதிறாளோ எண்டு யோசியாதையுங்கோ. வாசிச்சுப்போட்டு அடுத்த வீட்டுக்குக் குடுத்து விடுங்கோ.

விசயம் இதுதான்.

கந்தோர் றோட்டுக்கு அங்காலை இருக்கிற புது வீட்டுக்கு மாறுது.

பழைய கந்தோரிலை கிடந்த அந்த நீட்டு மேசை, சனம் நிண்டு முத்திரை வாங்கிற மேசை, என்ரை மகன் ராசு செய்தது. அவன்ரை கடைசி வேலை. போன மாசியிலை காய்ச்சல் அவனைக் கொண்டு போட்டுது.

காலமை முன்வீட்டு அன்னம் வேலிக்கு மேலாலை கத்தினாள்.

"எணை அக்கா! ராசுவின்ரை மேசையை அறுக்கப் போகினமாம்! தச்சன் முருகேசு வாளோடை நிக்கிறான்!"

அடுப்பிலை சோறு. அப்பிடியே விட்டிட்டுப் புதுக் கந்தோருக்கு ஓடினன்.

(வெறுங்கையோடை இல்லை. ராசு உளிக்கு அடிக்கிற கொட்டாப்புளியையும் தூக்கிக்கொண்டு ஓடினன்! வழியிலை கண்ட சனமெல்லாம் விலத்தி வழி விட்டுது!)

புதுப் போஸ்ற்மாஸ்ரர் நெல்லியடிக்காரர். நல்ல மனுசன், ஆனால் சரியான அவசரம்.

"அறுக்காதையுங்கோ ஐயா!"

"நான் என்ன செய்ய அம்மா? புது அறைக்கு இது நீளம் கூட. உயரமும் கூட. யன்னலோடை வைச்சால் பலகை பாதி யன்னலை மூடுது. அறுத்தால்தான் உண்டு. இல்லாட்டில் விறகுக்குத்தான்."

விறகு எண்டதும் நான் மேசைக்குக் குறுக்கை போய் நிண்டன்.

"இது மூண்டு துண்டாக் கழட்டிற மேசை ஐயா!"

தச்சு வேலைக்கு வந்த முருகேசு சிரிச்சான். "நானும் சுத்திச் சுத்திப் பாத்தன் அக்கா. ஒரு ஆணி கூட இல்லை. எங்கை பிடிச்சுக் கழட்டிறது?"

"ஆணி இருந்தால் நீயே கழட்டியிருப்பாய். இல்லாதபடியாத்தான் நான் வந்தனான்!"

(வாய் மட்டும் குறையேல்லை எனக்கு!)

ராசு ஆணி அடிக்க மாட்டான். உப்புக் காத்துக்கு ஆணி கறள் பிடிச்சு மரத்தையும் சேத்துத் தின்னும் எண்டுவான். எல்லாம் பொருத்தும் மர ஆப்பும்தான். "கந்தோர் எண்டால் இண்டைக்குப் பெருசாகும், நாளைக்கு வீடு மாறும் அம்மா. மேசையும் கூடப் போகவேணும்" எண்டு சொல்லிச் சொல்லி, நான் முத்தத்திலை நெல்லுக் காயப் போட, பக்கத்திலை இருந்து செய்தவன்.

ஆனால் ஆப்பைக் காணேல்லை!

பேந்துதான் விளங்கிச்சுது. பழைய மாஸ்ரர் வடிவுக்கெண்டு அதுக்கு மேலாலை பச்சைச் சாயம் பூசி மூடிப்போட்டார்! நான் விரலாலை தடவித் தடவிப் பாத்தன். ஒரு இடத்திலை ஆப்பின்ரை விளிம்பு நகத்திலை தட்டுப்பட்டுது.

ஒரு அடி. அசையேல்லை.

ரெண்டாவது அடி. அசையேல்லை.

"உடைக்கப் போறியள் அக்கா" எண்டான் முருகேசு. போஸ்ற்மாஸ்ரர் மணிக்கூட்டைப் பாத்தார்.

அப்பதான் ஞாபகம் வந்துது. ராசு குந்தி இருந்தெல்லே அடிக்கிறவன்! நானும் குந்தி, கீழை இருந்து மேலை ஒண்டு போட்டன்.

டொக்!

ஆப்புத் துள்ளி வந்து போஸ்ற்மாஸ்ரரின்ரை காலடியிலை விழுந்துது!

மிச்ச ஆப்புகளையும் அப்பிடியே தட்ட, நடுத்துண்டு இழுத்துத் திறக்கிற லாச்சியோடை கழண்டு வந்துது. அது இனிப் பார்சல் வைக்கிற மேசை. மிச்ச ரெண்டு துண்டையும் கிட்டத் தள்ளிப் பூட்டினம். நீளம் சரி!

"உயரத்துக்கு வாள்தானே அம்மா?" எண்டார் அவர்.

முருகேசு அறுக்கிற இடத்துக்குக் கோடு போட மேசைக் காலிலை சாயத்தைச் சுரண்டினான்.

"அக்கா, இஞ்சை பாருங்கோ! பொட்டு வைச்ச மாதிரி!"

பலகைக்கு ஒரு சாண் கீழை, நாலு காலிலையும் வட்டமாய் மர அடைப்பு. தட்டினால் துளை! பலகையை இறக்கி அந்தத் துளையிலை பூட்டினம்; கால் நுனி மட்டும் மூலையிலை கொஞ்சம் மேலை நிண்டுது.

யன்னல் வெளிச்சம் முழுக்க உள்ளை விழுந்துது.

"அளந்து செய்த மாதிரி இருக்குதே!" எண்டார் போஸ்ற்மாஸ்ரர். ஒரு இடத்திலையும் வாள் படேல்லை!

முருகேசு வாளைச் சாக்கிலை சுத்தினான். "அக்கா இண்டைக்கு என்ரை பிழைப்பிலை மண்ணைப் போட்டிட்டா!"

நான் சிரிச்சன். மாசிக்குப் பிறகு இண்டைக்குத்தான்.

வெளிக்கிட முந்தி சனம் நிக்கிற பக்கம் போய் ஒருக்கா நிண்டு பாத்தன்.

என்ரை முழங்கை மேசையிலை இருந்துது. எம்பாமல்! நுனிக்காலிலை நிக்காமல்!

பிள்ளையளே, உங்களுக்குத் தெரியும் நான் எவ்வளவு கட்டை எண்டு. ராசுவின்ரை மேசைக்கு முந்திக் கிடந்த மேசை இன்னும் உயரம். மலாயாவிலை இருந்து தம்பி போட்ட கடிதத்தை வாங்கப் போனால், பழைய மாஸ்ரர் "ஆர் கதைக்கிறது? சத்தம் கேக்குது, ஆளைக் காணேல்லை!" எண்டார். நிண்ட சனம் முழுக்கச் சிரிச்சுது. வீட்டை வந்து ராசுவுக்குச் சொல்லி அழுதன்.

அந்தக் கிழமைதான் அவன் கயிறோடை அடுப்படிக்கு வந்தான். "நேரை நில்லணை அம்மா" எண்டு என்ரை முழங்கை மட்டுக்கும் அளந்தான்.

"சோறு பொங்குது, போடா அங்காலை!" எண்டு ஏசிக் கலைச்சன்.

மாஸ்ரர் சொன்ன உயரத்துக்குத்தான் அவன் பலகையைப் பூட்டினவன். ஆனால் கீழை என்ரை உயரத்துக்கும் துளை போட்டு, அடைச்சு வைச்சிட்டுப் போயிட்டான்.

வீட்டை வந்தால் சோறு அடிப்பிடிச்சுக் கரி! பரவாயில்லை, கரிஞ்சதைத் தள்ளிப்போட்டு வயிறு நிறையத் திண்டன்.

ராசுக்குஞ்சு, இது எனக்குத்தான் எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் நான் அண்டைக்கு உன்னை ஏசியிருக்க மாட்டனே.

ஏனடா சொல்லேல்லை?