போட்டாச்சு என்று நான் சொன்ன இகாமா

எங்கள் மனேஜர் ஹாஜியார் பொய் சொன்னார்.

போன மாதம் கல்முனையில் ஒரு மண்டபத்தில் அவருக்குப் பாராட்டு விழா வைத்தார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். அவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "இருவது வருஷம் சவூதியில கம்பனி பார்த்த நான். என்ட கையுக்குள்ள இருந்த ஒருத்தண்ட இகாமாவும் ஒரு நாள் கூட முடிய விட்டதில்ல. அல்லாஹ் சாட்சி" என்றார். மண்டபம் கை தட்டியது. மூன்றாவது வரிசையில் இருந்த நானும் தட்டினேன்.

அந்தக் கம்பனியில் இகாமா புதுப்பிக்கும் கிளார்க்காகப் பதினொரு வருஷம் இருந்தவன் நான். முடிய விட்ட இகாமாக்கள் உண்டென்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வீட்டுக்கு வந்த பிறகு, கை தட்டியதை நினைக்க எனக்கே அருவருப்பாக இருந்தது. அதனால் எழுதுகிறேன். வெளிநாட்டுக் கந்தோர்களில், அலுவலகங்களில், வேலைக்குப் போகும் நம்மட பிள்ளைகள் வாசிக்கட்டும். ஹாஜியாரும் வாசிக்கட்டும்.

1. முதல் நாள்

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். இகாமா என்பது சவூதியில் தங்கி வேலை செய்வதற்கான வதிவிட அட்டை. வருஷா வருஷம் கம்பனிதான் அதைப் புதுப்பிக்க வேண்டும். தொழிலாளி தானாகப் புதுப்பிக்க முடியாது. அது முடிந்துவிட்டால் வேலை நடக்கும் சைட்டின் கேட்டுக்குள் விடமாட்டார்கள். ஊருக்கு வந்து திரும்புவதற்கான எக்ஸிட் ரீ-என்ட்ரியும் அடிக்க முடியாது.

நான் நற்பிட்டிமுனைக்காரன். ஏ.எல். முடித்து, கொஞ்சக் காலம் வயல் கணக்கும் கடைக் கணக்கும் பார்த்துவிட்டு தம்மாமுக்குப் போனேன். எங்களுடையது ஆட்களைச் சைட்டுகளுக்கு அனுப்பும் கம்பனி. முதலாளி சவூதிக்காரர், மாதத்துக்கு ஒரு முறை வந்து தேநீர் குடித்துவிட்டுப் போவார். நடத்தியது எங்கள் பக்கத்து மனிதரான ஹாஜியார்தான்.

முதல் நாள் அவர் என்னை இரும்பு அலுமாரிக்கு முன்னால் நிறுத்தினார். உள்ளே ஆளுக்கொரு ஃபைல்.

"மாசத்துக்கு இத்தினபேருக்குத்தான் புதுப்பிக்க முதலாளி விடுவார். அதுக்கு மேல ஒண்டும் கேக்கப்படா. சைட் ஓடுறவன முதல்ல போடு. சைட் முடியப்போறவன கீழ வை" என்றார்.

"திகதி முடிஞ்சவனையும் கீழ வைக்கிறதா ஹாஜியார்?"

"சத்தம் போடுறவன மேல வை. சத்தம் போடாதவன் பொறுப்பான்."

வேலையின் முழுச் சட்டமும் அதுதான். நான் ஒரு கிழமைக்குள் பழகிவிட்டேன். எகிப்துக்காரன் கவுண்டரில் வந்து மேசையில் அடிப்பான். ஃபைலைக் கொடுத்ததற்குக் கையெழுத்து வைத்த துண்டு கேட்பான். அவனுடையது மேலே போகும். பாகிஸ்தான்காரர்கள் நாலு பேராக வருவார்கள். அவர்களுடையதும் மேலே போகும்.

நம்மட ஆட்கள் கவுண்டருக்கே வரமாட்டார்கள். ஊரான் ஒருவன் கந்தோரில் இருக்கும்போது கவுண்டருக்குப் போவது அவனை நம்பாதது போல் ஆகிவிடும் என்று நினைப்பார்கள். அவர்கள் வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து என் றூமுக்கு வருவார்கள். கறி கொண்டு வருவார்கள். சாப்பிட்டு, ஊர்க் கதை கதைத்து, கிரிக்கெட் பேசி, எல்லாம் முடிந்து வாசலில் செருப்பு மாட்டும்போதுதான் விஷயத்தைக் கேட்பார்கள். முதலிலேயே கேட்பது மரியாதை இல்லையாம். மூத்த ஆண்களை நாங்கள் காக்கா என்றுதான் கூப்பிடுவோம்.

"தம்பி, நம்மட இகாமா அலுவல்...?"

"பாப்பம் காக்கா. யோசிக்காதீங்க."

அவ்வளவுதான். விண்ணப்பமும் இல்லை, துண்டும் இல்லை. திங்கட்கிழமை கந்தோருக்குப் போனால் கேட்டது யார் என்று பாதி மறந்திருக்கும். கறி வைத்த ஏனம் மட்டும் கழுவி இருக்கும்.

நம்மட ஆட்கள் கோபிக்கமாட்டார்கள் என்று அவர்களுடைய ஃபைல்களைத்தான் நான் எப்போதும் கீழே வைத்தேன். பிறத்தியானுக்குப் பயந்தேன், சொந்தக்காரனை இளக்காரமாக நடத்தினேன். இதை ஹாஜியார் எனக்குச் சொல்லித் தரவில்லை. இது என் சொந்தக் கண்டுபிடிப்பு.

2. ஆதம்பாவாக் காக்கா

சாய்ந்தமருதுக்காரர். ஒரு பெரிய ஸ்டோரில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். என்னைவிடப் பதினைந்து வயது மூப்பு. றூமுக்கு வந்தால் அவர் வாய் சும்மா இருக்காது.

"தம்பிட ஏசியப் பாருங்கடா. நம்மட றூம் ஏசி இருமுது, இது குர்ஆன் ஓதுற மாதிரி அமைதியா இரிக்கி. கூட நேரம் இரிந்தா இதுவும் நம்மகிட்ட இகாமா கேக்கும்."

அவருக்கு மூத்த மகளின் கலியாணம் பொருந்தியிருந்தது. நம்மட பக்கத்தில் பெண்ணுக்குத்தான் வீடு. அந்த வீட்டைக் கட்டி முடிக்கத்தான் அவர் ஏழு வருஷம் அங்கே நின்றார். வீடு முடிந்தது. காவினுக்கு, நிக்காஹ் எழுத்துக்கு, நாளும் குறித்தாகிவிட்டது. நிக்காஹ்வில் பெண்ணைப் பொறுப்புக் கொடுக்கும் வலீ, தகப்பனான வாப்பாதான். அவர் அதை என்னிடம் எத்தனையோ தரம் சொல்லிவிட்டார்.

"மாப்பிள்ளட கையைப் புடிச்சி நான் சொல்லணும் தம்பி. இந்த ஏழு வருஷமும் அந்த ஒரு வசனத்துக்குத்தான்."

அன்றைக்கும் செருப்பு மாட்டிக்கொண்டுதான் கேட்டார். "என்ட இகாமா அடுத்த மாசம் முடியிது. அது புதுப்பிச்சாத்தானே எக்ஸிட் ரீ-என்ட்ரி அடிக்கலாம். என்ன மாதிரித் தம்பி?"

அவருடைய ஃபைல் அலுமாரியின் கீழ்த்தட்டில் கிடந்தது எனக்குத் தெரியும். அவருடைய ஸ்டோர் ஒப்பந்தம் முடியப்போகிறது என்று ஹாஜியார் சொல்லியிருந்ததும் தெரியும். ஆனால் அவர் கொண்டு வந்த இறைச்சியை அப்போதுதான் சாப்பிட்டுக் கை கழுவியிருந்தேன். இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

"போட்டாச்சு காக்கா" என்றேன்.

"போட்டாச்சா? அல்ஹம்துலில்லாஹ். அப்ப நான் டிக்கட்டப் பாக்கிற."

அவர் போய் டிக்கட் எடுத்தார். மகளுக்குச் சாமான் வாங்கிப் பெட்டி கட்டினார்.

அடுத்த நாளே ஃபைலை மேலே எடுத்து வைத்துவிடலாம் என்று நினைத்துத்தான் சொன்னேன். அடுத்த நாள் எகிப்துக்காரன் ஒருவன் வந்து கத்தினான். அதற்கடுத்த நாள் வேறொருவன். ஆதம்பாவாக் காக்கா கத்தவில்லை.

3. கவுண்டரில்

இகாமா முடிந்து இரண்டு கிழமை ஆன பிறகு, அவருடைய றூமில் இருந்த வங்காளி ஒருவன் போனில் ஆப்பைத் திறந்து திகதியைக் காட்டியிருக்கிறான். ஸ்டோர் கேட்டில் அதுவரை யாரும் அட்டையைக் கேட்கவில்லை, இவரும் பார்க்கவே இல்லை. ஊர்த் தம்பி போட்டாச்சு என்று சொன்ன பிறகு எதற்குப் பார்க்க வேண்டும்?

அடுத்த நாள் கந்தோருக்கு வந்தார். என் றூமுக்கு வரவில்லை. கவுண்டரில், லைனில் நின்றார். அவருக்கு முன்னால் ஆறேழு பேர். அவருடைய முறை வந்ததும் கண்ணாடிக்கு அங்கால் நின்று சொன்னார்:

"கம்பனி நம்பர் முன்னூத்திப் பதினாறு, சேர். என்ட இகாமா என்னத்தில இரிக்கி?"

சேர் என்றார். ஏழு வருஷம் தம்பி என்று கூப்பிட்டவர்.

"காக்கா, உள்ளுக்கு வாங்க."

"வேணாம் சேர். பின்னால ஆக்கள் நிக்காங்க. இதிலயே சொல்லுங்க."

நான் கம்ப்யூட்டரைப் பார்ப்பது போல் பார்த்தேன். "கொஞ்சம் சுணங்கிட்டு. கதைச்சிட்டுச் சொல்றன்" என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். எதுவும் ஏசவில்லை. ஏசியிருந்தால் நான் எழும்பி அவருடைய ஃபைலை எடுக்க ஓடியிருப்பேன் என்று இப்போது நினைக்கிறேன்.

அன்றைக்கே ஹாஜியாரிடம் போனேன்.

"ஆதம்பாவாக் காக்காட இகாமா முடிஞ்சிட்டு ஹாஜியார். மகள்ட காவின் வருகுது. அவர்தான் வலீ."

"அவன்ட சைட் முடியிது. புது சைட் வரட்டும், புதுப்பிப்பம்."

"காவின் முடிஞ்சிருமே."

"தம்பிக்காரனுக்கு வகாலத்துக் குடுக்கட்டும், இவனுக்குப் பதிலா அவன் நிப்பான். மார்க்கத்தில இடமிரிக்கி. நீ என்ன மௌலவியா?"

"இந்த மாசத்தில ஒருத்தரக் கூடப் போடுங்க."

அவர் சிரித்தார். "கூடப் போட ஏலா. இந்த மாச ஃபைல் கட்டுக்குள்ள உன்டயும் இரிக்கி. உனக்கு இன்னும் ஒண்டரை மாசம் கிடக்கு. உன்டயக் கீழ வெச்சிட்டு அவன்டய மேல வை. நான் கையெழுத்து வெக்கிறன். செய்வியா?"

நான் கதவுப் பக்கம் பார்த்தேன்.

"பாத்தியா. போய் வேலையப் பாரு."

போய் வேலையைப் பார்த்தேன். என் இகாமா அந்த மாதமே புதுப்பிக்கப்பட்டது. என் ஃபைல் எல்லா வருஷமும் மேலேதான் இருந்தது. ஒரு ஃபைலை எடுத்து இன்னொரு ஃபைலை வைக்க அரை நிமிஷம் போதும். ஒன்றரை மாதம் எனக்குக் கையில் இருந்தது. அடுத்த மாதம் ஹாஜியார் பழி வாங்கி என்னுடையதை விட்டுவிடுவாரோ என்று பயந்தேன். தொழிலாளர் கந்தோரில் முறையிட வழி இருக்கிறது என்பதையும் நான் காக்காவுக்குச் சொல்லவில்லை. அதற்கும் அதே பயம்தான்.

4. போனில் நடந்த நிக்காஹ்

இகாமா முடிந்தவரைச் சைட்டில் விடாததால் அவர் றூமில்தான் இருந்தார். காவின் நாள் பகல் நான் போனேன். யாரும் கூப்பிடவில்லை. இரட்டைக் கட்டிலின் கீழ்த்தட்டில் புதுச் சட்டை போட்டு, தொப்பி வைத்து உட்கார்ந்திருந்தார். வகாலத்துக் கடிதத்தில் கையெழுத்து வைத்து முதலே அனுப்பியிருந்தார்.

அங்கே அவருடைய தம்பி போனை மௌலவிக்குப் பக்கத்தில் வைத்தார். லைன் நல்ல தெளிவு. தம்பி மாப்பிள்ளையின் கையைப் பிடித்து வசனத்தைச் சொன்னார். இங்கே இவருடைய வாயும் அசைந்தது. துஆ ஓதினார்கள். எல்லாரும் ஆமீன் சொன்னோம்.

பிறகு அங்கே சாப்பாட்டுக்கு எழும்பிவிட்டார்கள். யாரோ போனை எடுத்து, நிறுத்தாமல் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டார்கள். திரை இருட்டாகிவிட்டது. சத்தம் மட்டும் வந்தது. சாப்பாட்டுச் சஹன், பெரிய தட்டு, வைக்கும் சத்தம். "இஞ்சால இறைச்சி காணாது." "மாப்பிள்ளட ஆக்களுக்கு முதல்ல வைங்கடா." "பொண்ணுட வாப்பா எங்க? வரல்லயா?" ஆதம்பாவாக் காக்கா போனை நிறுத்தவில்லை. மடியில் வைத்துக்கொண்டு, அது தானாக அறுபடும் வரை கேட்டுக்கொண்டே இருந்தார்.

5. தராத கடிதம்

விஷயம் அதோடு முடியவில்லை. வாப்பா வராததை மாப்பிள்ளை வீட்டார் வேறு மாதிரி எடுத்தார்கள். இந்தச் சம்பந்தத்தில் அவருக்கு விருப்பமில்லை, அதனால்தான் வராமல் வகாலத்து அனுப்பினார் என்று கதை கிளம்பியது. மாமி வாயால் அந்தப் பிள்ளை கேட்க வேண்டி வந்தது.

காக்கா ஹாஜியாரிடம் ஒன்றே ஒன்று கேட்டார். கம்பனி கடதாசியில், இகாமா சுணங்கியது கம்பனியால்தான் என்று இரண்டு வரி.

"அப்பிடி எழுதினா கம்பனிட பேர் என்னாகும்? ஊரில நம்மள நம்பி ஆக்கள் வாறாங்க. லீவு கிடைக்கல்லயெண்டு சொல்லு" என்றார் ஹாஜியார்.

லீவு கிடைக்கவில்லை என்பதை யார் நம்புவார்? மகள் கலியாணத்துக்கு லீவு கேட்காத வாப்பா என்றுதான் ஆனது. நாலு மாதம் கழித்து வேறு சைட் கிடைத்தது. இகாமாவைப் புதுப்பித்தார்கள். நான்தான் பட்டனை அழுத்தினேன்.

இப்போது அவர் ஊரில் இருக்கிறார். இதை எழுத முன்னர் அவருடைய வீட்டுக்குப் போய்ச் சம்மதம் கேட்டேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்:

"எழுது. என்ட பேரயும் போடு. மகள்ட பேரப் போடாத."

"இன்னமும் அந்தக் கதை கதைக்கிறாங்களா காக்கா?"

"வீட்டில ஒரு சண்டை வந்தா அதுதான் முதல்ல வரும். உன்ட வாப்பாவே சம்மதிக்காத கலியாணம்தானே எண்டு. அவளுக்கு ரெண்டு புள்ள இரிக்கி இப்ப."

மன்னிப்புக் கேட்டேன். அவர் தேநீரைக் குடிக்கச் சொன்னார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை.

6. பிள்ளைகளுக்கு

கந்தோரில் இருப்பவனே, போட்டாச்சு என்று வாயால் சொல்லாதே. திகதியைத் திறந்து காட்டு. போடவில்லை என்றால் போடவில்லை என்று சொல். அவன் கோபிக்கட்டும். ஊரான் என்று யாரையும் கீழே வைக்காதே. கந்தோருக்கு வெளியே இருப்பவனே, ஊரான் இருந்தாலும் கவுண்டருக்குப் போ, துண்டு கேள், உன் திகதியை நீயே பார். அது அவனை அவமதிப்பது ஆகாது. எனக்கு இது மிகவும் பிந்தித்தான் விளங்கியது, அதற்கு வேறொருவர் விலை கொடுத்தார்.

ஹாஜியார், இனி உங்களுக்கு. நான் பொய் சொன்னேன், என் ஃபைலை மேலே வைத்தேன். என் பெயரைச் சொல்லியே நீங்கள் தொடங்கலாம், நான் மறுக்கமாட்டேன். மண்டபத்தில் மைக் வைத்துச் சொன்னதற்கு மண்டபத்திலேயே பதில் வேண்டும். போனில் என்னைக் கூப்பிட்டுச் சமாதானம் பேச வேண்டாம். ஆளனுப்பவும் வேண்டாம். சாய்ந்தமருதில், அந்தப் பிள்ளையின் மாமனார் வீட்டாரும் வந்திருக்கும் ஒரு சபையில் எழும்பிச் சொல்லுங்கள்: ஆதம்பாவா தன் மகளின் நிக்காஹ்வுக்கு ஏன் வரவில்லை?