மூடியைத் திறக்காத இசைவாணி

ஆமத்தூர் விலக்கில் என் கடை தெரியாது என்று ஒருவன் சொன்னால் அவன் வண்டியே ஓட்டாதவனாக இருப்பான். நாற்பத்தோரு வருசமாக அதே இடத்தில் உட்கார்ந்திருக்கிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. விருதுநகரில் ஒரு லாரிப் பட்டறையில் கிரீஸ் துடைக்கப் போனவன், யாரும் சொல்லித் தராமல் பார்த்துப் பார்த்தே தொழிலைப் பிடித்தேன். தெருமுனையில் வண்டி திரும்பும்போதே அது யார் வண்டி, ஆயில் மாற்றி எத்தனை நாளாயிற்று என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். ‘கோட்டைச்சாமி டூவீலர் ஒர்க்ஸ்’ என்ற பலகையை நானே பெயின்ட் வாங்கி நானே எழுதினேன்.

என்னைப் பற்றி எழுத உட்கார்ந்தால் ஒரு புத்தகம் வரும். ஆனால் இது எனக்கு எதிர்ச்சாரியில் கடை போட்டிருக்கும் இசைவாணியைப் பற்றியது. அவளைப் பற்றி எழுத வேண்டும் என்று எனக்கு ஒன்றும் ஆசையில்லை. எழுதாமல் இருந்தால் வயிறு எரிகிறது. எழுதினாலும் எரியத்தான் செய்கிறது என்பது இப்போது தெரிகிறது.

இசைவாணியின் அம்மா சின்னத்தாய் தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்தவர். மகள் பன்னிரண்டாவது முடித்ததும் ஒரு பட்டாசுக் கம்பெனிக்குப் போனாள். ஏழு வருசம் வெடிமருந்து அடைக்கும் அறையில் இருந்தாள். ஒரு பொறி பட்டால் போதும் என்பதால் அந்த அறைக்குள் இரும்பு போகக் கூடாது, செருப்பு போகக் கூடாது. வாசலில் பதித்திருக்கும் செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே நுழைய வேண்டும். உள்ளே எதையும் வெடுக்கென்று எடுக்கவோ தொப்பென்று வைக்கவோ ஆகாது. கம்பெனியை மூடிய பிறகு, சூலக்கரையில் இருக்கும் பயிற்சி நிலையத்துக்கு நடையாய் நடந்து, இருசக்கர வாகனப் பயிற்சியில் இடம் வாங்கினாள். அப்புறம் விருதுநகரில் ஒரு கடையில் பத்து மாதம். மூன்று வருசத்துக்கு முன்னால் எனக்கு நேர் எதிரே நாலு தகரத்தை அடித்துக் கடை திறந்துவிட்டாள். அன்றைக்கு அவளுக்கு வயது இருபத்தொன்பது. என் அனுபவத்துக்கு அதைவிட வயது கூடுதல்.

கடை திறந்த அன்று நான் சிரித்தேன். தரையில் நனைத்த சாக்கை விரித்து, அதன் மேல் ஸ்பேனர்களை வரிசையாகப் படுக்க வைத்திருந்தாள். வண்டிக் கடை என்றால் சுத்தியல் சத்தம் கேட்க வேண்டாமா? அங்கே ஒரு சத்தமும் இல்லை. தகரத்தில் சாக்பீஸால் ‘இங்கே பெட்ரோல் மூடியைத் திறக்கக் கூடாது’ என்று வேறு எழுதிப்போட்டிருந்தாள். பெட்ரோல் சம்பந்தப்பட்ட வேலை என்றால் வண்டியை வெளியே வேப்பமரத்தடிக்குத் தள்ளிக்கொண்டு போய்விடுவாள். டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு, அது மெக்கானிக் கடையா மருந்துக் கிட்டங்கியா என்று கேட்டேன். எல்லாரும் சிரித்தார்கள்.

சிரித்தவர்களில் பாதிப் பேர் வண்டி ஆறே மாதத்தில் அங்கே நின்றது. முதலில் கம்பெனிக்குப் போகும் பெண்களின் ஸ்கூட்டி போயிற்று. பொம்பளைகள்தானே, போகட்டும் என்று விட்டேன். பிறகு அவர்களுடைய புருசன்மாரின் வண்டி போயிற்று. காலையில் கடை திறந்ததும் அவள் வாசலில் எத்தனை வண்டி நிற்கிறது என்று எண்ணுவது எனக்குப் பழக்கமாகிவிட்டது. என் வாசலில் இரண்டு, அவள் வாசலில் ஐந்து. சாமி கும்பிடுகிற நேரத்திலும் கண் அங்கேதான் போகும். பஞ்சம்மாள், என் சம்சாரம், “சூடத்தப் பாத்துக் கும்பிடுங்க, ரோட்டப் பாத்துக் கும்பிடாதீக” என்று ஒருநாள் சொல்லியே விட்டாள்.

என்னிடம் மிச்சம் இருந்த பெரிய வாடிக்கை பாண்டிச்செல்வம். பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். அவன் எந்தக் கடையில் வண்டியை விடுகிறானோ அங்கேதான் அவனுக்குக் கீழே இருக்கும் நாற்பது பேரும் விடுவார்கள். பதினெட்டு வருசமாக அது என் கடை. அவன் போனால் நான் கடையைத் திறந்து வைத்து ஈ ஓட்ட வேண்டியதுதான்.

போன தீபாவளிக்குக் கம்பெனிகளை அடைத்து, ஒரு மாதம் கழித்துப் பூசை போட்டுத் திறந்தார்கள். திறந்த வாரமே பாண்டிச்செல்வம் வந்தான். ஓடிக்கொண்டிருக்கும்போதே வண்டி நின்றுவிடுகிறதாம். கொஞ்ச நேரம் ஓரத்தில் நிறுத்திவிட்டு மிதித்தால் பழையபடி கிளம்புகிறதாம். சில நாள் நிற்கிறது, சில நாள் நிற்பதில்லை.

எனக்கு இதெல்லாம் ஒரு வேலையா? பெட்ரோல் மூடியைத் திறந்தேன், டேங்கை ஆட்டினேன், உள்ளே குனிந்து பார்த்தேன், மூடினேன். எந்த வண்டி வந்தாலும் என் கை முதலில் செய்வது அதுதான். பிறகு பிளக்கை மாற்றி, கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவி மாட்டினேன். ரெண்டு கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்தேன். குதிரை மாதிரி ஓடியது. நாலாம் நாள் திரும்பி வந்தான். பெட்ரோல் சரியில்லை என்று சொல்லி டேங்கையே இறக்கிக் கழுவினேன். ஓடியது. மறுபடி வந்தான். காயிலை மாற்றினேன். ஓடியது. என் கடையில் அந்த வண்டி ஒருநாளும் நிற்கவில்லை. ரோட்டில்தான் நின்றது.

நாலாவது தடவை வந்தபோது அவன் முகம் வெளுத்திருந்தது.

“அண்ணே, நாலுவழிச் சாலையக் கடக்கைல நடுவுல நின்னுபோச்சு. வந்த லாரிக்காரன் ஸ்டீரிங்க ஒடிச்சு எடுத்தான். இல்லாட்டி உங்க முன்னால இப்படி நின்னு பேச மாட்டேன்.”

நான் மூடியைத் திறந்தேன். அவன் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, வீட்டில் அழுகிறார்கள், எதுக்கும் எதிர்க்கடையில் ஒரு தடவை காட்டிவிட்டு வருகிறேன் என்று தரையைப் பார்த்துச் சொன்னான். வண்டியைத் தள்ளிக்கொண்டு அவன் ரோட்டைக் கடந்ததை டீக்கடையில் இருந்த எல்லாரும் பார்த்தார்கள். எனக்குக் காது சுட்டது. எழுந்து போய் அவர்கள் நடுவில் நின்று சொன்னேன்.

“அந்தப் பிள்ள இதக் கண்டுபிடிச்சிட்டா எம் பலகையக் கழத்தி வச்சிருதேன். எல்லாரும் கேட்டுக்கிடுங்க.”

அன்று சாயங்காலம் வரைக்கும் நான் வேலை பார்க்கவில்லை. ஒரு செயினைக் கையில் வைத்துத் துடைத்தபடி எதிர்ச்சாரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். இசைவாணி அரைமணி நேரம் வண்டியைத் தொடவே இல்லை. ஸ்டூலைப் போட்டு அவனை உட்கார வைத்து, கேள்வியாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். வைத்தியம் தெரியாதவள் நாடி பிடிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம் அவனைப் பின்னால் உட்கார வைத்து, அவளே வண்டியை எடுத்துக்கொண்டு விருதுநகர்ப் பக்கம் போனாள். ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்தார்கள். அவன் சிரித்துக்கொண்டே வந்தான்.

நடந்ததை ஒரு வாரம் கழித்து அவனே வந்து சொன்னான். பெட்ரோல் என்றைக்குப் போடுவாய் என்று கேட்டிருக்கிறாள். சனிக்கிழமை டேங்க் நிறையப் போடுவேன் என்றானாம். எந்தக் கிழமையில் அதிகமாக நிற்கிறது என்று கேட்டிருக்கிறாள். யோசித்துப் பார்த்தால் திங்கள், செவ்வாய். வெள்ளிக்கிழமை நின்றதே இல்லை. டேங்க் நிறைந்திருந்தால் நிற்கிறது, குறைந்தால் ஓடுகிறது. அவளுக்கு அதுவே போதுமாக இருந்திருக்கிறது. போகிற வழியில் பெட்ரோலை நிரப்பி, எட்டு கிலோமீட்டர் போனதும் வண்டி நின்றதாம். அவள் மிதிக்கவில்லை. இறங்கி, டேங்க் மேல் காதை வைத்து, மூடியை மெதுவாகத் திருகினாளாம். உஸ்ஸென்று காற்று உள்ளே போயிற்றாம். உடனே மிதித்தாள், கிளம்பிவிட்டது.

“மூடில காத்துப் போற ஓட்ட அடைச்சிருக்காம்ணே. உள்ள இருந்த ரப்பர் சரியில்லையாம். மாத்திட்டா.”

ரப்பர் என்று அவன் சொன்னதும் நான் வேறு பக்கம் திரும்பி ஸ்பேனரைத் தேடினேன்.

பெட்ரோல் கீழே இறங்க இறங்க, அந்த இடத்துக்கு மேலே இருந்து காற்று வர வேண்டும். அதற்கு மூடியில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும். அது அடைபட்டால் பெட்ரோல் இறங்காது, வண்டி நிற்கும். டேங்க் நிறைந்திருந்தால் உள்ளே காற்று குறைவு, இன்னும் சீக்கிரம் நிற்கும். மூடியைத் திறந்தால் காற்று உள்ளே போய்விடும், வண்டி ஓடும். இது எனக்குத் தெரியாதா? இருபது வண்டியில் நானே கண்டுபிடித்திருக்கிறேன். ஆனால் அந்த ரப்பர் நான் போட்டது. தீபாவளி சீசனில், கம்பெனி அடைக்க ஒருநாள் இருக்கும்போது, பெட்ரோல் வாடை அடிக்கிற வண்டியை ஷெட்டுக்குள் விட மாட்டேன் என்று கம்பெனி வாட்ச்மேன் அவனைத் திருப்பி அனுப்பிவிட்டான். மருந்து இருக்கிற இடத்தில் அந்தப் பயம் நியாயம்தான். வாடையே வரக் கூடாது என்றான் பாண்டிச்செல்வம். நானும் லாரி டியூப்பில் ஒரு வட்டம் வெட்டி, இறுக்கமாக அமுக்கிவிட்டேன். அவசரத்தில் ஓட்டைக்கு வழி விடவில்லை. கம்பெனி அடைத்திருந்த மாதம் அவன் வண்டியை அதிகம் எடுக்காததால் ஒன்றும் தெரியவில்லை. அதன் பிறகு நாலு தடவை அந்த மூடியைக் கையில் பிடித்தேன். என் கை வேலை ஆயிற்றே, அதை எதற்குச் சந்தேகப்பட?

மத்தியானம் அவள் தனியாக இருந்த நேரம் பார்த்து ரோட்டைக் கடந்தேன். மூன்று வருசத்தில் அதுதான் முதல் தடவை. எழுந்து, “வாங்க அண்ணாச்சி” என்று ஸ்டூலை இழுத்துப் போட்டாள். அந்த ரப்பர் எங்கே என்று கேட்டேன். ஒரு தகர டப்பாவிலிருந்து எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். பேரிங் வளையத்தைத் தீட்டி நானே செய்த கருவியில்தான் நான் ரப்பர் வெட்டுவேன். அந்த வளையத்தில் ஒரு இடம் உடைந்திருக்கும். அதனால் நான் வெட்டும் ஒவ்வொரு ரப்பரின் ஓரத்திலும் ஒரு பல் தடம் விழும். இதிலும் இருந்தது.

“நம்ம ஏரியா வண்டில பாதிக்கு இந்தத் தடம் இருக்கு அண்ணாச்சி. வெட்டு அருமையான வெட்டு. ஓட்டைய மட்டும் விட்டுப்போட்டீக.”

“அவங்கிட்ட சொன்னியா?”

“எதுக்கு? வண்டிதான் ஓடுதே.”

வந்ததும் மூடியைத் திறந்து பார்க்காமல் எப்படி இருந்தாய் என்று கேட்டேன். மருந்து அறையில் எது எங்கே இருக்கிறது என்று கேட்காமல் எதிலும் கை வைக்க விடமாட்டார்கள், அந்தப் பழக்கம் போகவில்லை என்றாள். பெட்ரோல் வாடை என்றால் இன்னும் பயம்தான் என்றும் சொன்னாள். நான் டீக்கடையில் சொல்லிச் சிரித்தேனே, அந்தப் பயம். அதுதான் மூடியை மூடியபடியே வைத்திருந்து, வண்டியை நிற்க வைத்திருக்கிறது.

அவள் ஊரெல்லாம் சொல்லியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். சண்டைக்காவது போயிருப்பேன். கோளாறையும் கண்டுபிடித்து, வாயையும் மூடிக்கொண்டாள். நானாக இருந்தால் அந்த ரப்பரை நூலில் கட்டிக் கடை வாசலில் தொங்கவிட்டிருப்பேன். இரண்டிலும் அவள் மேலே போய்விட்டது எனக்குப் பொறுக்கவில்லை. இனி ஒவ்வொரு நாளும் அவள் சொல்லாமல் இருப்பதால்தான் என் பேர் நிற்கும். அந்தத் தயவு எனக்கு வேண்டாம்.

நேரே டீக்கடைக்குப் போனேன். பாண்டிச்செல்வமும் இருந்தான். ரப்பரை பெஞ்சில் வைத்து, “இது நான் வெட்டுனது. லாரிக்கு முன்னால உன்ன நிப்பாட்டுனது நாந்தான்” என்றேன். அவன் ரப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கடைசியில், “நீங்க சொல்லலேன்னா தெரிஞ்சிருக்காதேண்ணே” என்றான். அது எனக்கே தெரியும்.

அன்றைக்கே ஏணியைப் போட்டுப் பலகையைக் கழற்றினேன். வேண்டாம் அண்ணாச்சி என்று அவள் எதிர்ச்சாரியிலிருந்து சொன்னாள். கேட்காதது போல இருந்துவிட்டேன். பலகை இப்போது கடைக்குள் சுவரோரம் சாய்ந்து நிற்கிறது. பஞ்சம்மாள் அதன் மேல் துண்டு காயப்போடுகிறாள். பலகை இல்லாத கடைக்கும் ஆள் வரத்தான் செய்கிறது, என் கை அப்படி. பாண்டிச்செல்வத்தின் ஆட்களில் பாதிப் பேர் இங்கே, பாதிப் பேர் அங்கே. இன்று காலை என் வாசலில் மூன்று, அவள் வாசலில் ஆறு.

முந்தாநாள் நான் ஒரு செயினைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்றுவிடுகிறது என்று ஒரு வண்டி வந்தது. மூடிக்குப் போன கையை இழுத்துக்கொண்டேன். கடைசியாக என்றைக்குப் பெட்ரோல் போட்டாய் என்று கேட்டேன். அந்த ஆள் என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

“என்ன அண்ணாச்சி, இசைவாணி மாதிரியே கேக்கீக?”

செயினைக் கீழே வைத்தேன். சத்தம் வராமல்தான் வைத்தேன்.