பெயர் சொல்லிக் கூப்பிட முடியாத நாய்

எங்கள் வீட்டுக்கு விருந்தாளிகள் வருவது குறைவு. வந்தவர்களும் இரவு தங்க மாட்டார்கள். முனிசிபாலிட்டி மாட்டுப் பவுண்டை ஒட்டிய வீட்டில் யாருக்குத் தூக்கம் வரும்? திண்டுக்கல் தெருக்களில் அவிழ்த்துக்கொண்டு திரிந்த மாடு, எருமை, கழுதை எல்லாம், சொந்தக்காரர் அபராதம் கட்டி மீட்கும்வரை எங்கள் சுவருக்கு அந்தப் பக்கம்தான் கத்திக்கொண்டு நின்றன. அப்பா அந்தப் பவுண்டுக்குக் காவலர். பள்ளிக்கூடத்தில் நான் பவுண்டுக்காரர் மகள். நேரம் கழித்து வருகிற பிள்ளையிடம் டீச்சர், “எந்தப் பவுண்டுல அடைச்சு வச்சிருந்தாங்க?” என்று கேட்பார். வகுப்பே திரும்பி என்னைப் பார்க்கும். எனக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

பவுண்டின் பின்கோடியில் கம்பிவலை அடித்த கொட்டடி ஒன்று இருந்தது. கழுத்தில் லைசன்ஸ் வில்லை இல்லாத நாய்களை வண்டியில் பிடித்து வந்து அங்கே அடைப்பார்கள். சனிக்கிழமைக்குள் சொந்தக்காரர் வர வேண்டும். வராவிட்டால் அன்று சாயங்காலம் மருந்து வைக்கிற ஆள் வருவார். அதோடு சரி. இதை யாரும் என்னிடம் மறைத்ததில்லை. சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் அம்மா என்னைக் கோவிலுக்கு ஜெபமாலை சொல்ல அனுப்பிவிடுவாள்.

பிடிபட்ட நாயை யார் வேண்டுமானாலும் கூட்டிப் போக முடியாது. முன்பெல்லாம் இரக்கப்பட்டவர்கள் வந்து, தங்கள் நாய் என்று சொல்லி வாங்கிப் போய், தெருமுனையில் அவிழ்த்து விட்டுவிடுவார்களாம். மறுநாள் அதே நாய் வண்டியில் திரும்பி வரும். அதனால் சானிட்டரி இன்ஸ்பெக்டர் ஒரு விதி போட்டிருந்தார். சொந்தம் கொண்டாடுகிறவர் கேட்டுக்கு வெளியே நின்று நாயைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். நாய் கேட்டைத் தாண்டி அவரிடம் போனால் அது அவருடையது. போகாவிட்டால் கேஸ் முடிந்தது.

அறுபதுகளின் தொடக்கம். நான் ஐந்தாம் வகுப்பு. அந்த வாரம் பிடித்து வந்தவற்றில் செவலை நிறத்தில் ஒரு பெட்டை நாய் இருந்தது. அத்தனை கூச்சம் பிடித்த பிராணியை அதற்குப் பிறகு நான் பார்த்ததில்லை, மனிதர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். சோறு வைத்தால் மற்ற நாய்கள் தின்று முடிக்கும்வரை காத்திருந்து காலித் தட்டை நக்கும். யாராவது பார்த்தால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்ளும். அதன் முகத்தைவிட முதுகைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். மற்றவை கடித்துக் குதறவே, அப்பா அதை மாடுகள் கட்டும் பக்கம் திறந்து விட்டார். “இது எங்க ஓடப் போகுது, ஓடுறதுக்கும் ஒரு தைரியம் வேணும்ல” என்றார்.

ஓடவில்லை. நேராகப் போய் அங்கே நின்ற ஓர் எருமைக்கு அடியில் படுத்துக்கொண்டது.

அந்த எருமை அகரத்திலிருந்து வந்தது. மாட்டாஸ்பத்திரியில் மடிப் புண்ணைக் காட்டுவதற்காகப் புருஷனும் பெண்சாதியுமாக ஓட்டி வந்திருக்கிறார்கள். வழியில் கயிற்றை உருவிக்கொண்டு பூங்காவுக்குள் புகுந்து ஒரு பாத்திப் பூச்செடியைத் தின்றுவிட்டது. வேலியில்லாமல் பூங்கா வைத்தது யார் குற்றம் என்று கேட்டு, அபராதம் கட்ட முடியாது என்று அந்த மனிதர் வீம்பாகப் போய்விட்டார். வீம்பு அவருக்கு, நடை அவர் மனைவிக்கு. அந்த எருமை வேறு யார் கைக்கும் பால் விடாது. ஆகவே அந்த அக்கா காலையும் மாலையும் அகரத்திலிருந்து பவுண்டுக்கு வந்து கறந்துவிட்டுப் போனாள்.

முதல் நாளே அவள் நாயைப் பார்த்துவிட்டாள். “ஏ தாயி, எம்மாட்டுக்கு அடியில இது யாரு குடியிருக்கிறது?” என்றாள். நான் விவரம் சொன்னேன். சனிக்கிழமை விவரத்தையும் சேர்த்துச் சொன்னேன். கறந்துகொண்டிருந்த கை நின்றது. கொட்டாங்கச்சியில் கொஞ்சம் பால் ஊற்றி எருமைக்கு அடியில் தள்ளினாள். நாய் குடித்தது, கண்ணை மூடிக்கொண்டு.

“நீங்க கூட்டிட்டுப் போயிருங்கக்கா.”

“அவுக வைவாகளே. குலைக்காத நாய வச்சுப் பூசையா பண்ணப் போறன்னு கேப்பாக.” மறுபடி மடியில் கை வைத்தவள், “கேக்கட்டும். எம்பங்குச் சோத்துல போட்டுக்கிறேன்” என்றாள்.

இன்ஸ்பெக்டர் முன்னால் கூப்பிட ஒரு பெயர் வேண்டுமே. நாய் என்றால் மணிதான். எனக்கு வேறு பெயர் தோன்றவும் இல்லை. பெட்டை நாய்க்கு அது பொருந்துமா என்பதெல்லாம் என் கவலை இல்லை. பள்ளிக்கூடம் விட்டதும் பவுண்டிலேயே குந்தி, “மணி, மணி” என்று தொண்டை வறளக் கத்தினேன். நாய் வரவில்லை. ஆனால் இரண்டொரு நாளில், மணி என்றதும் ஒரு காது மட்டும் லேசாக அசைந்தது. அம்புட்டுத்தான் முன்னேற்றம். அக்காவிடம் ஓடிச் சொன்னேன். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“வேற பேரு கிடைக்கலையா தாயி உனக்கு?”

“பழகிருச்சுக்கா. இனி மாத்த முடியாது” என்றேன் கறாராக. நீங்களும் கூப்பிட்டுப் பழகுங்கள் என்றால், “இந்தா, இந்தா” என்றே கூப்பிட்டாள். சோம்பேறித்தனம் என்று எனக்குக் கோபம். அப்பாவுக்கு எங்கள் ஏற்பாடு தெரியும். கேட்டால், “எனக்கு ஒண்ணும் தெரியாது” என்று கயிற்றை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விடுவார்.

சனிக்கிழமை காலையில் அக்காவோடு அந்த மனிதரே வந்துவிட்டார். வீம்பு தீர்ந்து போயிற்று. எருமைக்கு அபராதம் கட்டினார். நாய் விஷயம் அவருக்கு வழியில்தான் சொல்லப்பட்டிருக்கும் போல, முகம் உம்மென்று இருந்தது. இன்ஸ்பெக்டர் சைக்கிளில் வந்து இறங்கினார். சிரிக்காத மனிதர். அவர் வந்தால் அப்பாவே சட்டைப் பொத்தானைச் சரிபார்த்துக்கொள்வார்.

“இந்த நாய் யாருது?”

“எங்க நாய்தான்யா” என்றாள் அக்கா.

“பேரு?”

அக்கா தரையைப் பார்த்தாள். அப்பாவின் முதுகுக்குப் பின்னால் நின்று வாயை மட்டும் அசைத்து மணி, மணி என்று காட்டினேன். அவள் என்னைப் பார்த்தாள், உதட்டைக் கடித்துக்கொண்டாள், சொல்லவில்லை. மருந்து வைக்கிற ஆள் சாயங்காலம் வந்துவிடுவாரே என்று எனக்குப் பதற்றம் தாங்கவில்லை.

“மணி, சார்” என்று நானே சொல்லிவிட்டேன்.

அகரத்து மனிதர் சட்டென்று திரும்பினார். “என்ன பாப்பா?”

அப்பா தன் கால் விரல்களைப் பார்த்தார். எருமைக்கு அடியில் ஒரு காது அசைந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. கட்டின புருஷன் பெயரைச் சொல்லி ஒரு பெண் நாயைக் கூப்பிடுவாளா? வேறு பெயர் கிடைக்கவில்லையா என்று அவள் கேட்டபோது எனக்கு ஏன் புத்தி வரவில்லை என்று அழுகை முட்டியது.

“கேட்டுக்கு வெளிய போய் நின்னு கூப்பிடும்மா” என்றார் இன்ஸ்பெக்டர்.

“அது எவ்வாயில வராதுய்யா.”

“அப்ப நீ கூப்பிடுப்பா.”

“எம்பேரச் சொல்லி நானே நாயக் கூப்பிடுறதா? அதுக்கு இந்த எருமையவும் நீங்களே வச்சுக்கிடுங்க” என்றார் அவர். தீர்ந்த வீம்பு திரும்பி வந்துவிட்டது.

இன்ஸ்பெக்டர் எருமையைப் பார்த்தார். குனிந்து, அதற்கு அடியில் சுருண்டு கிடந்த நாயைப் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டார்.

“நாய் கிடக்கட்டும். எருமைக்குத்தான் கட்டியாச்சுல்ல, மொதல்ல அத வெளிய ஓட்டு.”

அகரத்து மனிதர் கயிற்றை அவிழ்த்து எருமையை ஓட்டினார். எருமை நடந்தது. அதன் நான்கு கால்களுக்கு நடுவே, வயிறு தரையில் தேய, நாயும் நடந்தது. இரண்டும் கேட்டைத் தாண்டின.

“நாய் வெளிய போயிருச்சு. அவுக நாய்தான். வில்லையக் குடுத்து அனுப்புங்க” என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு இன்ஸ்பெக்டர் சைக்கிளில் ஏறினார்.

தாடிக்கொம்பு ரோட்டில் அவர்கள் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நாய் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அத்தனை நாளும் அதற்காகத் தொண்டை வறளக் கத்தியிருக்கிறேன், ஒரு தடவை பார்த்திருக்கலாம். எனக்கு நிஜமாகவே வருத்தம்.

பல மாதம் கழித்து அக்கா ஒரு பந்து மல்லிகையோடு வந்தாள். பெயரை மாற்றிவிட்டாளாம், இப்போது ராணி. “குலைக்குதாக்கா?” என்று கேட்டேன். “எருமைய யாராச்சும் தொட்டா மட்டும் குலைக்கும். அவுக தொட்டாக்கூட” என்று அவள் சொல்லிச் சிரித்தாள்.

எனக்கு அந்த இன்ஸ்பெக்டர் ஒரு வேடிக்கைப் பொருளாகிவிட்டார். அவரைப் போலத் தொப்பியைக் கழற்றி, தலையைத் துடைத்து, “மொதல்ல எருமைய ஓட்டு” என்று வீட்டில் நடித்துக் காட்டுவேன். அம்மா சிரிப்பாள். அப்பா சிரிக்க மாட்டார். “போதும், போய்ப் படி” என்பார். மேலதிகாரி என்ற பயம் என்று நினைத்துக்கொள்வேன்.

தெருநாயைத் தங்கள் நாய் என்று சொல்கிறவர்கள் எத்தனையோ பேரைப் பார்த்துத்தான் அவர் அந்த விதியையே போட்டிருந்தார். அன்றைக்கு எருமையை ஓட்டச் சொல்லுமுன் அவர் எதற்காகக் குனிந்து பார்த்தார் என்று நான் யோசிக்கவே இல்லை. ஒரு மக்கு ஆபீசரை நான் ஏமாற்றிவிட்டேன் என்ற எண்ணத்திலேயே, அவர் மாற்றலாகிப் போன நாளிலும் முற்றத்தில் நின்று அவரைப் போல நடித்துக்கொண்டிருந்தேன்.