மால்சுன் அக்கா கட்டாத நாடா

போன ஆண்டுக்கு முந்தைய ஆண்டு மே மாதம், இரண்டாவது சனிக்கிழமை காலை, எங்கள் ஊர் பூசான் துறைமுகத்திலிருந்து ஜப்பானின் சுஷிமா தீவுக்குக் கப்பல் நகரத் தொடங்கியது. மற்றவர்கள் சன்னலோரம் முண்டியடித்துக் கொண்டிருக்க, மால்சுன் அக்கா மட்டும் முழங்காலில் அட்டையை வைத்து, மஞ்சள் துணி நாடாக்களில் எங்கள் மலையேறும் சங்கத்தின் பெயரை எழுதிக்கொண்டிருந்தாள். எழுதியதை மை காயும்வரை உதட்டில் கவ்விக்கொள்வது அவள் பழக்கம். வாயில் நான்கு நாடாக்கள் தொங்க, "என் எழுத்தே கோழி கிளறின மாதிரி. இதுல கப்பல் வேற ஆடுது" என்றாள்.

அக்காவுக்கு அறுபத்தொரு வயது. பூசான் மீன் சந்தையில் விலாங்கு உரிக்கிறாள். பலகையில் நிற்கும் ஆணியில் விலாங்கின் தலையைக் குத்தி, கழுத்தில் ஒரு கீறல், ஒரே இழுப்பு. தோல் கையுறை மாதிரி கழன்று வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை மலைக்கு வரும்போதும் அதே கத்திதான் பையில் இருக்கும். அதில்தான் எல்லோருக்கும் வெள்ளரிக்காய் சீவித் தருவாள். மீன் வாடை அடிக்கிறது என்று யாராவது முகம் சுளித்தால், "காய்ல இல்லய்யா, உன் மூக்குல அடிக்குது" என்பாள்.

பாதை பிரியும் இடங்களில் நாடா கட்டுவது சங்கத்தில் அவள் வேலை. பின்னால் வருபவர்கள் அதைப் பார்த்து வழி பிடிப்பார்கள். அவளுக்கு முன் அந்த வேலையைச் செய்தவன் அவளுடைய தம்பி கிதே. அதற்கு ஏழு வருடங்களுக்கு முன் ஓர் அக்டோபரில் தனியாக மலைக்குப் போனவன் திரும்பவில்லை. பையோ செருப்போ எதுவும் கிடைக்கவில்லை. ஐந்து வருடம் கடந்தால் காணாமல் போனவரை இறந்தவராக அறிவிக்கும்படி நீதிமன்றத்தில் கேட்கலாம். உறவென்று அவனுக்கு மிச்சமிருப்பவள் இவள் ஒருத்தி. விண்ணப்பம் எழுதி முடித்து, கையெழுத்துக்குப் பதிலாக அவளுடைய முத்திரையைக் குத்துவதுதான் பாக்கி.

"திங்கக்கெழம குத்திருவேன்" என்று கப்பலில் என்னிடம் சொன்னாள். "இருக்கான்னு அவன் பொறந்தநாளுக்குக் கடல்பாசி சூப்பு வெக்கிறதா, செத்துட்டான்னு திதிச் சாப்பாடு வெக்கிறதான்னு தெரியாமலே ஏழு வருசம் ஓட்டியாச்சு. போனவனுக்கு வயிறாச்சும் நெறையட்டும்."

மலையடிவாரத்தில், நாடா எதையும் விட்டுச் செல்லாதீர்கள் என்று எங்கள் மொழியிலேயே ஒரு பலகை வைத்திருந்தார்கள். "நியாயந்தான். அடுத்த வீட்டுக் கொடியில நம்ம துணியக் காயப்போடலாமா?" என்றாள் அக்கா. ஏறும்போது முன்னால் போய்க் கட்டுவது, இறங்கும்போது கடைசியாக வந்து அவிழ்ப்பது என்று முடிவாயிற்று.

உச்சியில் சோற்றுப் பொட்டலங்களைப் பிரித்தபோது மூடுபனி ஏறிவிட்டது. மலையில் முதல் கவளத்தை மலைக்கு எறிந்துவிட்டுத்தான் நாங்கள் சாப்பிடுவோம். அக்கா சோற்றை உருட்டி, மேலே காரக் கிம்ச்சி ஊறுகாய் வைத்து எறிந்தாள்.

"ஜப்பான் சாமிக்கு நம்ம காரம் ஒத்துக்குமா?" என்றார் சங்கத் தலைவர் பியோ. சந்தைக்குப் பின்தெருவில் பம்பு ரிப்பேர் செய்பவர். கிதேயின் பள்ளித் தோழர்.

"ஒத்துக்கலன்னா தண்ணி குடிக்கட்டும் தலைவரே."

எல்லோரும் சிரித்தார்கள். சோறு எங்கோ விழுந்த சத்தம் மட்டும் கேட்கவே இல்லை.

இறங்கும்போது நானும் அக்காவும் கடைசியில் வந்தோம். அவள் மஞ்சள் நாடாக்களை ஒவ்வொன்றாக அவிழ்த்து இடுப்புப் பையில் திணித்துக்கொண்டே வந்தாள். ஒரு வளைவில் பாறைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தவள் நின்றுவிட்டாள். அங்கே ஒரு கிளையில் சிவப்பு நாடா.

சங்கத்து நாடா சிவப்பாக இருந்தது கிதேயின் காலத்தில். அவன் போனபின் அக்காதான் மஞ்சளுக்கு மாற்றினாள். நாடாவில் எங்கள் சங்கத்தின் பெயர். எழுத்துகள் இடப்பக்கம் சாய்ந்திருந்தன, கிதே இடக்கைக்காரன். சங்கம் இந்தத் தீவுக்கு வந்தது அன்றுதான் முதல் தடவை. கிதே பாஸ்போர்ட்டே எடுத்ததில்லை.

அக்கா அதை மெதுவாக அவிழ்த்தாள். பிறகு பனிக்குள் பார்த்தாள். பாதையைவிட்டு விலகி, தேவதாரு மரங்களுக்கு நடுவே, பத்தடி தள்ளி இன்னொரு சிவப்பு.

"நீ இங்கயே நில்லு" என்றாள்.

"அக்கா, கப்பலுக்கு நேரமாகுது."

"நில்லுன்னா நில்லு." அவள் முதுகுப்பை நான்கு எட்டில் மறைந்துவிட்டது.

அரை மணி நேரம் ஆயிற்று. கீழே போனவர்கள் எங்களைக் காணாமல் திரும்ப ஏறி வந்தார்கள். எல்லோரும் சேர்ந்து "யாஹோ!" என்று கூவினோம். பள்ளத்துக்குள்ளிருந்து பதிலுக்கு ஒற்றைக் குரல் வந்தது. "கப்பலு போயிரும், மேல வா மால்சுன்!" என்று தலைவர் பள்ளத்தைப் பார்த்துக் கத்தினார். மறுபடியும் கீழேயிருந்து அதே குரல்.

அக்கா வந்ததோ எங்களுக்குப் பின்னாலிருந்து, உச்சிப் பக்கமாக.

"கீழ யாரக் கூப்புடுறீங்க?" என்றாள். கைமுட்டிக்குள் சிவப்பாக ஏதோ பிதுங்கியது. விரித்தாள். மூன்று நாடாக்கள். "அதுக்கப்புறம் இல்ல. நின்னுபோச்சு."

கடைசியாகக் கிடைத்ததை என் உள்ளங்கையில் வைத்தாள். எங்கள் தொப்பி, சட்டை, தலைமுடி எல்லாம் சொட்டிக்கொண்டிருந்தன. அந்த நாடா மட்டும் வெயிலில் உலர்த்தி எடுத்ததுபோல மொடமொடவென்று காய்ந்திருந்தது. தலைவர் அந்த மூன்றையும் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார், மறுபடி மாட்டிக்கொண்டார்.

கப்பல் ஒரு மணி நேரம் தாமதம் என்று, அதுவரை கடலோரக் காட்சிமேடைக்குக் கூட்டிப்போனார்கள். பனி விலகி, கடலுக்கு அப்பால் பூசானின் கட்டடங்கள் தெரிந்தன. கைப்பேசிகளில் ஊர்ச் சிக்னல்கூட வந்துவிட்டது. எல்லோரும் வீட்டுக்குப் பேசினார்கள். அக்கா மட்டும் கடலுக்கு முதுகைக் காட்டி, மலையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தலைவர் காப்பி டப்பா ஒன்றை வாங்கி நீட்டினார். வாங்கிக்கொண்டாள், திறக்கவில்லை.

"தலைவரே, திங்கக்கெழம குத்தலய்யா."

அவர் மறுபடியும் தொப்பியைக் கழற்றி, அதன் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார்.

அந்தக் குளிர்காலத்தோடு நான் பூசானைவிட்டு வந்துவிட்டேன். அக்கா இன்னும் அதே பலகையில்தான் உரிக்கிறாள். கிதேயின் இரண்டு பிறந்தநாளுக்கும் பாசி சூப்பு வைத்து, படம் எடுத்து அனுப்பினாள். படத்தில் ஒரு கிண்ணம், ஒரு கரண்டி, எதிரே காலி நாற்காலி. முத்திரையைப் பற்றி நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

போன மாதம் தலைவர் பியோவிடமிருந்து ஒரு செய்தி வந்தது.

"தங்கச்சி, இனிமே மறைக்க முடியல. அந்தச் செவப்பு நாடா நான் கட்டுனது. கிதே எழுதுனதுல ஒண்ணே ஒண்ணு எங்கிட்ட மிச்சமிருந்துச்சு. வெளிநாட்டு மலையில ஒண்ணாச்சும் ஏறணும்னு சொல்லிட்டே இருப்பான். சரி, அவன் எழுத்தாச்சும் அங்க இருக்கட்டும்னு, ஏறும்போது ஒண்ணுக்குப் போற சாக்குல பாறைக்குப் பின்னாடி கட்டிட்டேன். அவ அங்க எட்டிப் பாப்பான்னு நெனக்கல. நேத்து அவ கடைக்குப் போயி எல்லாத்தையும் சொல்லிட்டேன். நான் கட்டுனது ஒண்ணுதான், அத நம்பி உக்காந்திருக்காத, முத்திரையக் குத்திருன்னேன். திட்டுவான்னு பாத்தேன். திட்டல. வெலாங்கு ஆணியில துடிச்சுக்கிட்டிருக்க, ரத்தக் கையத் தூக்கி மூணு வெரலக் காட்டுனா."