ஓராண்டு ஓட வேண்டிய செல்

சென்ற மாதம் இதே பத்தியில் ஒரு வாக்குறுதி அளித்திருந்தேன். நீங்கள் மறந்திருப்பீர்கள் என்று நம்பினேன்...

மும்பை செம்பூரில் எங்கள் தமிழ் மன்றத்தின் வினாடி வினாவுக்காக, எந்த அணி முதலில் பொத்தானை அழுத்தியது என்று காட்டும் பெட்டியை நானே வடிவமைத்தேன். உள்ளே ஒரே ஒரு சிப். இன்ன வேலை என்று கணினியில் எழுதிப் பதித்துவிட்டால், அந்த வேலைக்கான சர்க்யூட்டாகவே மாறிவிடும். மின்சாரமோ பெயருக்குத்தான் குடிக்கும். ‘இரண்டு பென்சில் செல் போதும், ஸ்விட்சே வேண்டாம், ஓராண்டு ஓடும்’ என்று எழுதினேன். முப்பது ஆண்டுகள் சர்க்யூட் வரைந்தவன் சொல்லுக்கு ஒரு மதிப்பு உண்டல்லவா?

பத்தாம் நாள் பெட்டி அணைந்தது.

"ஒரு வருஷம்னு எழுதியிருந்தேளே சார்?" என்றார் மன்றச் செயலாளர், மிகப் பணிவாக. அந்தப் பணிவைத்தான் தாங்க முடியவில்லை.

செல் மட்டமானது என்றேன். புதிதாகப் போட்டேன். அதுவும் பத்தே நாளில் போயிற்று. ஞாயிறன்று போட்டி!

செம்பூரில் யாரிடமாவது காட்டினால், நான் வீடு திரும்புமுன் செய்தி திரும்பிவிடும். எனவே, என்னை யாரும் அறியாத தாராவிக்குப் போனேன். மொபைல் போர்டு பழுது பார்க்கும் ஸ்டெல்லா அம்மாவின் கடை. "நண்பர் ஒருவர் செய்தது" என்று பெட்டியை நீட்டினேன். பொய்தான்.

அவர் மீட்டரைப் பொருத்தினார். பெட்டிக்குள் பொத்தான் இணைக்காமல் காலியாக நின்ற வயர்களின் அருகே விரலைக் கொண்டுபோனார். மீட்டரில் எண்கள் ஏறின, இறங்கின.

"தொடவே இல்ல, ஆடுது பாத்தியளா? உங்க ஃபிரண்டு எத்தன டீமுக்குப் பண்ணியிருக்காரு?"

"எட்டு."

"வாரது எத்தன?"

"நான்கு."

"அப்ப மிச்ச நாலு வயரும் அந்தரத்துலல்லா கெடக்கு! ஒண்ணா, சைபரான்னு தெரியாம சிப்பு கெடந்து முழிக்கி. முழிச்சு முழிச்சே செல்லைக் குடிச்சிருது. ஒவ்வொண்ணுக்கும் ஒரு ரெசிஸ்டர் வச்சு கிரவுண்டுல கெட்டிட்டா அடங்கிரும். இம்புட்டுதான்."

கல்லூரி முதலாண்டுப் பாடம்! வரும் அணிகளின் பொத்தான்களில் ஒழுங்காக ரெசிஸ்டர் வைத்தவன், வராத அணிகளை மறந்தேன். எட்டு அணிக்கு வழி வைத்ததும் பெருமைக்காகத்தான்.

ஆக, செல்லைத் தின்றவை உழைத்த நான்கு அல்ல. அப்படியா, இப்படியா என்று முடிவெடுக்காமல் நின்ற நான்கு. எங்கள் செயற்குழுக் கூட்டத்தில் சமோசாத் தட்டு எந்தப் பக்கம் முதலில் காலியாகும் என்று கவனித்தவர்களுக்கு இது புதிதல்ல.

நான்கு ரெசிஸ்டரையும் அவரே பற்றவைத்துத் தந்தார். "கூலி எவ்வளவு அம்மா?"

"அது கெடக்கட்டும். ஒரு வருசம் ஓடும்னு எழுதுனது நீங்கதான? பேப்பர் போட்டோல இதே கண்ணாடிதான் போட்டிருக்கிய. எங்க வீட்டுக்காரருக்குத் தமிழ் வாசிக்க வராது; வாரா வாரம் நாந்தான் வாசிச்சுக் காட்டுதேன். இதையும் எழுதுங்க சார். உங்க ஃபிரண்டு பேரைப் போட்டே எழுதுங்க!"

ஞாயிறன்று பெட்டி பிசகவில்லை. மேடையில் பொன்னாடை எனக்குத்தான் — மறுக்காமல் வாங்கிக்கொண்டேன்.

அந்த நண்பரின் பெயர் வாரா வாரம் இந்தப் பத்தியின் தலையிலேயே அச்சாகிறது, ஸ்டெல்லா அம்மா. வீட்டுக்காரருக்கு உரக்கவே வாசியுங்கள்.