இரண்டாம் பாகம் பார்த்த ஞாயிற்றுக்கிழமை

அறந்தாங்கியில் நான் வேலை பார்க்கும் மருந்துக் கடைக்கு நேர் எதிரே ஒரு சினிமா தியேட்டர். ஒரு படம் ஓடுமா ஓடாதா என்பது விமர்சனம் எழுதுகிறவர்களுக்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிடும். படம் வருவதற்கு முந்தின நாள் ரசிகர்கள் தொண்டை மாத்திரை கேட்டு வருவார்கள். கத்திக் கத்திக் குரல் போயிருக்கும். முதல் காட்சி முடிந்தும் அதே மாத்திரையைக் கேட்டால் படம் ஓடும். தலைவலி மாத்திரை கேட்டால் ஓடாது.

நான் சொல்லப்போகும் படத்தின் முதல் பாகம் வந்தபோது எனக்கு இந்தக் கடையும் தெரியாது, இந்தக் கணக்கும் தெரியாது. அப்போதுதான் கல்யாணம் ஆகியிருந்தது. என் வீட்டுக்காரர் வளைகுடாவிலிருந்து லீவில் வந்து தாலி கட்டியவர். திரும்பிப் போகும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரு மத்தியானம் பெரிய நடிகர் ஒருவருடைய படத்துக்குக் கூட்டிப்போனார். அங்கே ஹவுஸ்புல். வந்த வெயிலில் அப்படியே திரும்ப மனமில்லாமல், பேர்கூடக் கேள்விப்படாத ஒரு படம் ஓடிக்கொண்டிருந்த இந்தத் தியேட்டருக்குள் நுழைந்தோம். ஏசி ஓடினால் போதும் என்பதுதான் எங்கள் எதிர்பார்ப்பு.

படம் பிடித்துப்போனது. எங்களுக்கு மட்டுமில்லை, உள்ளே தூங்க வந்தவர்களுக்கும் பிடித்துப்போனது. தன்னை யாரோ பின்தொடர்கிறார்கள் என்று தேடிக்கொண்டே போகிற ஒருத்தன், கடைசியில் பூட்டிக் கிடக்கும் ஒரு வீட்டுக் கதவைத் திறக்கிறான். உள்ளே யாரையோ பார்க்கிறான். அவன் முகத்தை மட்டும் காட்டிவிட்டு, மீதி இரண்டாம் பாகத்தில் என்று விளக்கைப் போட்டுவிட்டார்கள்.

நடுவில் ஒரு இடத்தில் ஜன்னல் கண்ணாடி வெடித்துச் சிதறும். எனக்குத் தீபாவளி வெடிச்சத்தமே ஆகாது. அலறிப்போய் நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தேன். அங்கே அவர் கை இருந்தது. அவர் சட்டென்று கையை எடுத்துக்கொண்டார். கூச்சம்தான் என்று இப்போது தெரிகிறது. அன்றைக்கு முகம் சுண்டிப்போய் மீதிப் படத்தைப் பார்த்தேன்.

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் கதவுக்குப் பின்னால் யார் என்று சண்டை. கூடவே இருந்து குழிபறித்த கூட்டாளிதான் என்றார் அவர். செத்துப்போனதாகச் சொன்ன அம்மா என்றேன் நான். கதவைத் திறந்தவன் முகத்தில் கோபமே இல்லை, பசியோடு வீட்டுக்கு வந்தவன் முகம் அது என்று சொன்னேன். கல்யாணத்துக்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் மூச்சுவிடாமல் பேசியது அன்றைக்குத்தான். அந்த வாரமே அவர் விமானம் ஏறிவிட்டார்.

சரியாகப் பழகாத இரண்டு பேர் போனில் என்ன பேசுவது? சாப்பிட்டீங்களா, சாப்பிட்டேன். வெயிலா, வெயில்தான். அதற்குமேல் எச்சில் விழுங்கும் சத்தம்தான் கேட்கும். அந்தக் கதவுதான் எங்களைக் காப்பாற்றியது. கதவுக்குப் பின்னால் நிற்பது வேறு யாருமில்லை, அவன் அண்ணன்தான் என்று யாரோ போட்ட வீடியோவை அவர் அனுப்புவார். அந்த அண்ணன் மூஞ்சிக்கு இவ்வளவு பெரிய கதவா என்று நான் பதில் போடுவேன். அதில் ஆரம்பித்து ஒரு மணி நேரம் ஓடும். கண்ணாடி உடைந்தபோது நான் போட்ட சத்தத்தை அவர் கேலி பண்ணுவார். கையை எடுத்துக்கொண்ட வீரர்தானே நீங்கள் என்று நான் திருப்பிக் கொடுப்பேன். இரண்டாம் பாகத்தைச் சேர்ந்துதான் பார்க்க வேண்டும், ஒருத்தரை விட்டு ஒருத்தர் பார்க்கக்கூடாது என்று பேசி வைத்துக்கொண்டோம்.

படம் தள்ளிப்போனது. அவர் கம்பெனி மாறியதால் லீவும் தள்ளிப்போனது. இரண்டும் மறுபடியும் தள்ளிப்போயின. இதற்கிடையில் முதல் பாகத்தை ஊரே போனில் பத்துத் தடவை பார்த்து முடித்திருந்தது. டீக்கடையில், பஸ்ஸில், எங்கேயும் இதே பேச்சு. என் கடையில் இன்சுலின் வாங்க வருகிற பெரியவர்கூட ஒரு முடிவு வைத்திருந்தார். அவரவர் தலைக்குள் ஒரு இரண்டாம் பாகம் ஓடிக்கொண்டிருந்தது. அதில் நடிப்பும் குறையில்லை, பாட்டும் குறையில்லை. நிஜப் படம் வந்து அதோடெல்லாம் போட்டி போட வேண்டியிருந்தது பாவம். சொல்லாமல் வந்த விருந்தாளிக்கு ரசம் சாதம் போட்டாலும் வாயார வாழ்த்திவிட்டுப் போவார். வருஷக்கணக்கில் அழைத்துக்கொண்டே இருந்துவிட்டு இலை போட்டால் அப்பளம் நமுத்திருந்ததைத்தான் ஊர் முழுக்கச் சொல்வார்கள்.

கடைசியில் இரண்டும் ஒரே வாரத்தில் அமைந்தன. படம் வெள்ளிக்கிழமை. அவர் திருச்சியில் இறங்குவது சனிக்கிழமை. ஞாயிறு மத்தியானக் காட்சிக்குப் போவது என்று முடிவு செய்தோம். அவருக்கு வாங்க வேண்டியது, வீட்டுக்கு வெள்ளையடிப்பது எல்லாம் அப்புறம், முதலில் இரண்டு டிக்கெட்டுக்கு ஆள் பிடித்தேன்.

தியேட்டர் வாசலில் ரசிகர் மன்றத்தார் ஆளுயரக் கட்அவுட்டோடு விட்டுவிடவில்லை. தச்சரை வைத்து நிஜமாகவே ஒரு கதவு செய்து, நிலையோடு நிறுத்திவிட்டார்கள். மன்றத் தலைவர் ஆட்டோ ஓட்டுகிறவர், எங்கள் கடை வாடிக்கையாளர். முதல் காட்சிக்கு முன்னால் அவர் அந்தக் கதவைத் திறக்க, எல்லோரும் அதன் வழியாக உள்ளே போவதாக ஏற்பாடு. வெள்ளிக்கிழமை காலையில் மாலை போட்டு, எலுமிச்சம்பழம் கட்டி, குடம் குடமாகப் பாலை ஊற்றினார்கள். மேளம் உச்சத்தில் இருக்கும்போது தலைவர் கதவைத் தள்ளினார். அது அசையவில்லை. பெயிண்ட் காய்வதற்குள் சாத்தி வைத்திருக்கிறார்கள், நிலையோடு பிடித்துக்கொண்டது. தோளால் முட்டினார், காலால் உதைத்தார். படம் போட்டுவிட்டான் என்று உள்ளேயிருந்து யாரோ கத்தினார்கள். எல்லோரும் கதவைச் சுற்றிக்கொண்டு ஓடினார்கள்.

காட்சி விட்டதும் முதலில் கடைக்கு வந்தவர் தலைவர்தான். என்ன வேண்டும் என்று கேட்டேன். தலைவலி மாத்திரை என்றார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. அவர் பின்னாலேயே ஒரு வரிசை நின்றது. கதையைச் சொல்ல வாயெடுத்தால் யாருக்கும் மாத்திரை கிடையாது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டேன். அடக்கிக்கொண்டு வாங்கிப்போனார்கள்.

படம் தேறாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அது என் கவலையில்லை. என் கவலை வேறு. முந்தின நாள், வியாழக்கிழமை வரைக்கும் படம் படம் என்று பறந்த மனுஷர், வெள்ளிக்கிழமை போனில், அவசியம் போகணுமா, வேறு எங்கேயாவது போவோமா என்று இழுத்தார். படம் பிடிக்காமல் போனால் போகட்டும். இந்தப் படத்தை விட்டால் எங்களுக்குள் வேறு என்ன இருக்கிறது? இத்தனை வருஷமும் பேசியது என்னிடமா, கதவிடமா? நேரில் வந்து பார்த்துவிட்டு, இவ்வளவுதானா இவள் என்று நினைத்துவிட்டால்? போயே ஆகணும் என்று கொஞ்சம் கோபமாகவே சொல்லி போனை வைத்துவிட்டேன்.

சனிக்கிழமை வந்தார். இளைத்திருந்தார், முன்நெற்றி ஏறியிருந்தது. வீடு நிறையச் சொந்தக்காரர்கள். எனக்கும் அவருக்கும் நடுவில் எப்போதும் ஒரு தட்டோ ஒரு குழந்தையோ இருந்தது. தனியாக விட்டபோது, சாப்பிட்டீங்களா என்று கேட்டேன். சாப்பிட்டேன் என்றார். பழையபடி எச்சில் விழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

ஞாயிறு மத்தியானம் தியேட்டரில் பாதிக்குமேல் காலி. அந்தக் கதவு சுவரோரம் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது, அதன்மேல் யாரோ சைக்கிளைச் சாய்த்திருந்தார்கள். போன தடவை உட்கார்ந்த பக்கமாகவே போய் உட்கார்ந்தோம். படம் ஆரம்பித்ததும் கதவு திறந்தது. உள்ளே நின்றது கூட்டாளியுமில்லை, அம்மாவுமில்லை. அதே கதாநாயகன், ஒட்டுமீசையோடு. இரட்டை வேடமாம். பின்னால் யாரோ சலித்துக்கொண்டு எழுந்துபோனார்கள். எனக்கு அழுகை வந்தது. இதற்காகவா என்று இருந்தது.

கொஞ்ச நேரத்தில் அவர் கை வந்து என் கைமேல் படிந்தது. நான் திரும்பிப் பார்ப்பதற்குள் திரையில் ஒரு கார் வெடித்தது. தூக்கிவாரிப்போட்டது, ஆனால் அலறவில்லை. கை இருந்ததே. சத்தம் அடங்கியதும் பிடி தளர்ந்தது. அப்புறம் ஒரு வீட்டுக்குள் சும்மா நடந்து போகிறார்கள், பேசிக்கொள்கிறார்கள். மறுபடியும் கை இறுகியது. அடுத்த நொடி அலமாரி சரிந்து விழுந்தது. மூன்றாவது தடவையும் அப்படியே ஆனபோது நான் திரையைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்தேன்.

இடைவேளையில் விளக்குப் போட்டதும் கேட்டேன்.

"படத்தப் பாத்துட்டீங்களா?"

தலையைக் குனிந்துகொண்டார். வியாழக்கிழமையே அங்கே படம் வந்துவிட்டதாம். ஊருக்குப் போகிறவனை வழியனுப்ப என்று ரூமில் இருந்தவர்கள் எல்லோருக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்துவிட்டார்கள். மாட்டேன் என்று சொல்லிப் பார்த்தாராம், விடவில்லை. அதனால்தான் வேறு எங்கேயாவது போகலாம் என்று போனில் இழுத்தது. நீ ஆசையாக இருக்கிறாய், வந்து பார்த்தால் மனசு விட்டுப்போகும் என்று பயந்ததாகச் சொன்னார்.

எனக்குக் கோபம் வந்தது. கடை வாசலில் நிற்கிறவர்கள் வாயையெல்லாம் பொத்தி வைத்தவள் நான். பேசி வைத்ததற்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். பாப்கார்ன் வாங்கப் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கேட்டுக்கொண்டே வந்தபோதுதான் ஒன்று உறைத்தது.

"ஒரு தடவ பாத்துட்டா எந்த எடத்துல என்ன வெடிக்கும்னு அம்புட்டும் ஞாபகம் இருக்குமா?"

அவர் திரைச்சீலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"கதைய எங்க பாத்தேன்? எந்தெந்த எடத்துல நீ பயப்படுவேன்னுதான் பாத்துக்கிட்டு இருந்தேன். போன தடவ கைய எடுத்துட்டேன்ல, புள்ள."

ஏதாவது கேலியாகச் சொல்லித்தான் எனக்குப் பழக்கம். அன்றைக்குக் கண்ணைத்தான் துடைத்துக்கொண்டேன். விளக்கை அணைத்துவிட்டார்கள்.

இரண்டாம் பாதி இன்னும் மோசம். ஒட்டுமீசை ஒரு காட்சியில் வலது பக்கம் தொங்கியது. முன்வரிசையில் மன்றத் தலைவர் தனியாக உட்கார்ந்திருந்தார். எத்தனையாவது தடவையோ. இந்த முறையாவது நன்றாக இருந்துவிடாதா என்று பார்க்க வந்திருப்பார் போல. அவரைப் பார்க்கவும் எனக்குப் பாசமாக இருந்தது. கதவுக்குப் பின்னால் அம்மா இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று என் வீட்டுக்காரர் காதருகில் நான் முழுக் கதையையும் சொன்னேன். பையனுக்கு அவள் முதலில் சோறு போடுவாள், அதற்கப்புறம்தான் எல்லா உண்மையும் சொல்வாள் என்றேன். என்ன கொழம்பு என்று கேட்டார். மீன் குழம்பு என்றேன். உனக்கு மீன் குழம்பு வைக்க வருமா, எனக்கு இது தெரியாதே என்றார். இத்தனை வருஷமாக நீங்கள் கேட்கவில்லையே என்றேன். அங்கிருந்து பேச்சு எங்கெங்கேயோ போனது. திரையில் யார் யாரை ஏமாற்றினார்கள் என்று இன்றைக்குவரை எனக்குத் தெரியாது.

கடைசியில் மூன்றாம் பாகம் விரைவில் என்று போட்டார்கள். மிச்சமிருந்த கூட்டம் ஊளையிட்டது. எழுத்து முழுசாக வருவதற்குள் விளக்கைப் போட்டுவிட்டார்கள். இரண்டாம் பாதி முழுக்க ஒரு வெடிகூட வெடிக்கவில்லை. ஆனாலும் அவர் கை என் கைமேலேயே இருந்தது.

கிளம்பலாமா என்று கேட்டார். கொஞ்ச நேரம் ஆகட்டும் என்றேன்.