கொழுந்தன் மகள் குடித்த தண்ணீர்

என் மகன் வயிற்றுப்போக்கில் செத்தான். தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும் என்று நாங்குநேரிப் பக்கம் எல்லோரும் நிறுத்துவார்கள். நானும் நிறுத்தினேன். தண்ணீர் கேட்டுக்கொண்டே செத்தான்.

அடுத்த கோடையில் கொழுந்தன் மகளுக்கும் அதே போக்கு. அதற்குள் அரசாங்கம் வீடுவீடாக நர்சுகளை அனுப்பியிருந்தது. எங்கள் வீட்டுக்கு வந்தவள் உப்புச் சர்க்கரைப் பொட்டலத்தைத் தண்ணீரில் கரைத்தாள்.

"நிறுத்தாம பைய பைய குடுங்க."

பிள்ளை கண் திறந்தது. எனக்கு வயிறு எரிந்தது.

"போன வருசம் எங்கன போயிருந்திய?" என்று நர்சிடம் கத்தினேன்.

"இந்தப் பொட்டலம் இந்த வருசந்தான் எங்க கைக்கே வந்துச்சு, அக்கா."

கொழுந்தன் மனைவி கரண்டியை என்னிடம் நீட்டினாள். "நான் துணிய அலசிட்டு வாரேன். நீங்க குடுங்கக்கா."

ஒவ்வொரு கரண்டிக்கும் பொறாமைப்பட்டேன். ஒரு சொட்டும் சிந்தவில்லை.

கொழுந்தன் மகள் இப்போது பாளையங்கோட்டையில் படிக்கிறாள். லீவில் வந்து தண்ணீர் கேட்டால் இன்றும் வயிறு எரிகிறது. நான்தான் முதலில் எழுந்து கொடுக்கிறேன்.